அண்ணனின் புள்ளி

எங்கள் கம்பெனியில் ஒருவன் வேலை செய்கிறானா இல்லையா என்பதைச் சொல்ல ஒரு பச்சை விளக்கு வைத்திருக்கிறார்கள். கணினித் திரையில் அவனவன் பெயருக்குப் பக்கத்தில் கடுகு அளவுக்கு எரியும். ஐந்து நிமிடம் மவுஸைத் தொடாவிட்டால் மஞ்சளாகிவிடும். மஞ்சளாகிப் பத்து நிமிடம் ஆனால் பெங்களூரில் இருக்கும் என் மேலாளருக்கு ஒரு தகவல் போகும். யோசித்துக்கொண்டிருப்பவனுக்கும் குறட்டை விடுகிறவனுக்கும் அந்த விளக்குக்கு வித்தியாசம் தெரியாது. புரோகிராம் எழுதுகிறவன் பாதி நேரம் ஜன்னல் வழியாகத் தென்னை மட்டை ஆடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்; வேலை அப்போதுதான் நடக்கும். இதை நான் எழுத்தில் தெரிவித்தேன். "கருத்துக்கு நன்றி" என்று ஒரு பதில் வந்தது, இயந்திரம் அனுப்பிய பதில்.

அதற்குப் பிறகு என் பழைய கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் மல்லாக்க வைத்து, அதன்மேல் மவுஸை வைத்துவிடுவேன். விநாடி முள் சுற்றச் சுற்ற, மவுஸ் யாரோ அசைப்பதாக நினைத்துக்கொள்ளும். பச்சை எரிந்துகொண்டே இருக்கும். பதினான்கு வருட அனுபவத்தில் நான் கண்டுபிடித்த மிக உபயோகமான தொழில்நுட்பம் இதுதான்.

விளக்காவது பரவாயில்லை. டைம்ஷீட் என்று ஒன்று உண்டு. வாரம் முழுக்கச் செய்ததை அரைமணி அரைமணியாகப் பிரித்து எழுத வேண்டும். எழுதி முடித்துச் சேமிக்கப் போகும்போது "உங்கள் அமர்வு முடிந்தது" என்று வெளியே தள்ளிவிடும். உள்ளே போனால் எழுதியது ஒன்றும் இருக்காது. இதைப் புகார் செய்ய வேறொரு மென்பொருள் இருக்கிறது. அது ஒருமுறை வாரக்கணக்கில் படுத்துவிட்டது. அது படுத்துவிட்டதை எங்கே புகார் செய்வது என்று கேட்டேன். அதிலேயே செய்யச் சொன்னார்கள். தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை.

நான் இருப்பது தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரத்தில், அண்ணன் வீட்டு மாடியில். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்ன வருடம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவன், கல்யாணமும் ஆகாததால் அப்படியே தங்கிவிட்டேன். அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவன். ஆழ்கடல் போட்டில் டிரைவர். அதாவது போட்டை ஓட்டுவதும் எங்கே வலை போடுவது என்று முடிவு செய்வதும் அவன்தான். போனால் கரைக்கு வரப் பத்து நாள் ஆகும், பதினைந்து நாளும் ஆகும். நான் ஒரே ஒருமுறை அவனோடு கடலுக்குப் போனேன். கரை மறைவதற்குள் குடலே வெளியே வந்துவிட்டது. அன்றைக்கே தெரிந்துவிட்டது, எனக்குக் கடல் திரையில்தான் என்று.

பிற்பகலில் கம்பெனி மென்பொருள் ஏதாவது ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டுவிட்டு நம்மைக் காக்க வைக்கும். அந்த நேரங்களில்தான் நான் திரையில் இன்னொரு இணையச் சன்னலைத் திறந்து உலகத்துக்குள் இறங்குவேன். இரண்டு மணிக்கு மேல் மேற்கே இருந்து காற்று வரும். ஜன்னல் திரை உப்பும், அடங்கும். கருங்கல் சந்தைக்குப் போகும் மீன் வண்டியின் ஹாரன் தேய்ந்து தேய்ந்து மறையும். அந்த அரைத்தூக்கத்தில் நான் பார்த்ததெல்லாம் நிஜந்தானா என்று பின்னால் சந்தேகம் வரும். வடக்கே எங்கோ பனி மூடிய ஒரு துறைமுகத்தில் ஒரு கேமரா இருக்கிறது. தினமும் ஒரு பெண் சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நாயோடு அதைக் கடந்து போவாள். அவள் வராத நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது. இன்னொரு தளத்தில், கடலுக்கு அடியில் யாரோ மைக்கை இறக்கி வைத்திருக்கிறார்கள். ஹெட்போனை மாட்டினால் வெகு நேரம் ஒன்றுமே இருக்காது. திடீரென்று எங்கிருந்தோ ஒரு திமிங்கிலம் தன்பாட்டுக்கு நீளமாகக் கூப்பிடும். பதில் வருமா என்று நானும் அதோடு சேர்ந்து காத்திருப்பேன். மேஜையில் கடிகாரத்தின்மேல் மவுஸ் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கடலின் ஆழத்தைக் காட்டும் வரைபடமும் அப்படித்தான் கிடைத்தது. நீர் முழுவதையும் வடித்துவிட்டால் நம் கரைக்கு மேற்கே என்ன இருக்கும் என்று அது காட்டும். மலைகள், மேடுகள், வயல்போல் விரிந்த சேற்றுச் சமவெளி. நாங்கள் கடலில் அமிழ்ந்த மேட்டைப் பார் என்போம். மீன் அடைவது அங்கேதான். நான் ஒரு பாரின் மேல் ஏறி இன்னொரு பாரின் வழியாக இறங்கி, மதியம் முழுக்க நடந்துகொண்டே இருப்பேன்.

அங்கிருந்து ஒரு தாவல்தான், கப்பல்களைக் காட்டும் தளத்துக்கு. உலகத்தில் ஓடுகிற கப்பலெல்லாம் அதில் புள்ளி புள்ளியாக நகரும். மீன்பிடிப் போட்டுகளுக்கு ஆரஞ்சு நிறம். நம் மேற்குக் கடலைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவன், அண்ணன் ஓட்டும் போட்டின் பெயரைத் தேடிப் பார்த்தேன். ஒரு புள்ளி வந்தது. கரையிலிருந்து ஒரு ராத்திரி ஓட்டத் தூரத்தில், மெள்ள, மிக மெள்ள நகர்ந்துகொண்டிருந்தது. வலை இழுத்துக்கொண்டிருக்கிறான்.

நான் மாடிப்படியில் நின்று மைனியைக் கூப்பிட்டேன்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்போம். மைனிக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருடம். இந்தப் பதினேழு வருடத்தில் அண்ணன் எங்கே என்று யார் கேட்டாலும் அவள் சொல்வது ஒரே பதில்தான். கையை மேற்கே வீசி, "கடல்ல" என்பாள். ஒரு புயல் வருடத்தில் பதினோரு நாள் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கரைக்குத் திரும்பாத ஆட்கள் நிறைய. அண்ணன் எங்கோ வடக்கே ஒரு துறைமுகத்தில் ஒதுங்கி உயிரோடு வந்தான். ஆனால் மைனியின் தூக்கம் வரவில்லை. அந்தப் புயலுக்குப் பிறகுதான் போட்டுகளில் இருக்கும் இடத்தைச் சொல்லும் பெட்டியைப் பொருத்தச் சொன்னார்கள். பெட்டி இருப்பது அவளுக்குத் தெரியும். அது சொல்வதைத் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது தெரியாது.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தவள் திரைக்கு அருகே குனிந்தாள்.

"இதாக்குமா அவரு?"

"ஆமா மைனி."

"அனங்குதே மக்கா, நகருதே!"

அவள் சுட்டுவிரலால் புள்ளியைத் தொட்டாள். பிறகு ஏதோ பொரிந்துவிடும் என்பதுபோல் விரலை எடுத்துக்கொண்டாள். அழுதாள் என்று சொல்ல முடியாது, கண் நிறைந்திருந்தது, அவ்வளவுதான். கீழே மீன் குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்த பிறகே இறங்கிப் போனாள்.

அன்றிலிருந்து மாலை ஆறு மணிக்கு மாதா கோவில் மணி அடித்ததும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். நான் கம்பெனிக் கூட்டத்தில் இருந்தால் கதவருகே சத்தம் காட்டாமல் நிற்பாள். நான் திரையைத் திருப்பிக் காட்டுவேன். பார்ப்பாள், சிலுவை போட்டுக்கொள்வாள், போய்விடுவாள். அண்ணன் கரைக்கு வந்திருந்தபோது சாப்பாடு போட்டுக்கொண்டே அவனிடம் சொன்னாள்: "நீங்க எங்க நின்னாலும் மணி அடிக்கும்போ நான் ஒங்களப் பாத்துருவேன், கேட்டேளா?" அவன் சிரித்தான். மைனி அந்த மாதம்தான் ஒன்பது மணிக்குப் படுத்து விடிந்து எழுந்தாள். முகமே தெளிந்துவிட்டது. இதைச் செய்தது நான்தான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே சமயம் கம்பெனியில் எனக்கு ஒரு அவமானம் நடந்துகொண்டிருந்தது. மூன்று மாதம் உயிரைக் கொடுத்து நான் ஒரு பக்கம் செய்திருந்தேன். விற்பனை, சேவை, தாமதம் எல்லாவற்றையும் வண்ண வண்ண வரைபடமாகக் காட்டும் பக்கம். அவசரம் அவசரம் என்று வாங்கிக்கொண்டார்கள். யார் யார் அதைத் திறந்தார்கள் என்று ஒருநாள் பார்த்தேன். ஒரே ஒரு ஆள்தான் திரும்பத் திரும்பத் திறந்திருந்தான். அது நான்.

அந்த வயிற்றெரிச்சலில் அன்றைக்கே இன்னொன்று செய்தேன். அண்ணனின் போட்டு கடந்த சில பயணங்களில் நின்ற இடங்களையெல்லாம் திரட்ட ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். கோடுகளை ஆழம் காட்டும் வரைபடத்தின் மேல் போட்டேன். கரையிலிருந்து ஒற்றைக் கோடாகப் போன அவன் பாதை ஓரிடத்தில் நூல்கண்டுபோல் சுற்றிச் சுற்றி வந்திருந்தது. அதற்கு நேர் கீழே, எந்த வரைபடத்திலும் பெயரில்லாத ஒரு சிறு மேடு. வலை கிழிந்து கிழிந்துதான் அவன் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அழகான படம். கம்பெனிக்கு நான் செய்த எதுவும் அதன் கால்தூசு பெறாது. "எங்கள் அண்ணன் கண்டுபிடித்த மலை" என்று எழுதி வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அறுபது பேர் பார்த்திருந்தார்கள். பள்ளியில் கூடப் படித்தவர்கள், துறைமுகத்தில் ஐஸ் அடிப்பவர்கள், வேறு போட்டுகளில் போகிற பையன்கள் எல்லாம் கைதட்டும் படம் அனுப்பினார்கள். ஒருவன் மட்டும் "இதைக் கொஞ்சம் பெருசாக்கிக் காட்டு மச்சான்" என்றான். பெரிதாக்கிக் காட்டினேன்.

கடலோரத்தில் பிறந்தவன் செய்யக்கூடாத தப்பு இது. கடலில் எங்கள் ஆட்கள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும். மேற்கே நிற்பவன் தெற்கே நிற்கிறேன் என்பான். மீன் கொட்டிக்கொண்டிருந்தால் ஒன்றுமே இல்லை, திரும்பலாமா என்று பார்க்கிறேன் என்பான். கேட்கிறவனும் நம்பமாட்டான், ஆனால் அப்படியா என்று கேட்டுக்கொள்வான். அதுதான் மரியாதை. என் அண்ணன் அந்தப் பாரைப் பற்றி மனைவியிடம் சொன்னதில்லை, போட்டின் முதலாளியிடம் சொன்னதில்லை. கூடப்போகும் ஆட்களுக்கும் அது எங்கே இருக்கிறது என்று எண்களாகத் தெரியாது. நான் அதை அறுபது பேருக்குப் படம் போட்டுக் காட்டியிருந்தேன்.

ஒரு வாரம் கழித்துத் திரையில் அண்ணனின் புள்ளியைச் சுற்றி இன்னும் மூன்று ஆரஞ்சுப் புள்ளிகள் நின்றன. மறுநாள் எட்டு. மைனி பார்த்துவிட்டு, "கூட்டுக்கு ஆளு உண்டு, நல்லதாப் போச்சு" என்றாள். கடிகாரத்தின் மேலிருந்த மவுஸை எடுத்தேன், திரும்ப வைத்தேன். செய்ய ஒன்றும் இல்லை.

அண்ணன் நான்கு நாள் முன்னதாகவே கரைக்கு வந்தான். காலையில் குளித்துவிட்டு மாடிக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான். மைனி கட்டன்சாயா கொண்டுவந்தவள் போகாமல் கதவருகே நின்றாள். அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் படத்த ஒருத்தன் எனக்கே அனுப்பினான்," என்றான். "நல்லா வரைஞ்சிருக்கே."

"அண்ணே, தெரியாம செஞ்சிட்டேன்."

"தெரியாமத்தான் செஞ்சே. அது எனக்குத் தெரியும்லே மக்கா." அவன் சாயாவை ஊதிக் குடித்தான். "ஒம்பது வருசமா அந்தப் பாரு எனக்கு மட்டும் தெரியும். வேண்டியதுக்கு மட்டும் போய் வேண்டியத எடுப்பேன். இப்ப அத அரிச்சு எடுத்துட்டானுவ. வலையில கல்லுதான் வருது."

மிச்சச் சாயாவையும் குடித்து முடித்தான்.

"இனி வேற எடம் பாக்கணும். பெட்டிய அணைச்சுப் போட்டுட்டுத்தான் போவேன்."

மைனி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்போ இனி காணாதா?"

"காணாது."

"ஒரு நேரம் போட்டா போதும். மணி அடிக்கும்போ."

"ஒரு நேரம் போட்டாலும் அந்த எடம் தெரிஞ்சிருமே. இவன மாதிரி படிச்சவன் துறைமுகத்துல பத்துப் பேரு உண்டு இப்போ. கோடு போட்டுப் பாத்துருவானுவ."

மைனி "செரி," என்றாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு கீழே போனாள். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினேழு வருடத்தில் முதன்முறையாக அவளுக்குக் கிடைத்த ஒன்றைக் கொடுத்ததும் நான், பிடுங்கியதும் நான். வெட்கமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அண்ணன் போனான். துறைமுக வாயைத் தாண்டியதும் புள்ளி மறைந்தது.

மாலையில் மணி அடித்ததும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். வந்தாள். வெறும் நீலத்தைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு போனாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். மேற்கே மழை மேகம் கூடி, காற்று ஒரு மாதிரி அடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. கீழே விளக்கு மறுபடியும் வெகுநேரம் எரிய ஆரம்பித்திருந்தது. எனக்குச் சிவப்புக் கோட்டுப் பெண்ணையும் பார்க்கத் தோன்றவில்லை, திமிங்கிலத்தையும் கேட்கத் தோன்றவில்லை. வாரக்கடைசியில் டைம்ஷீட் என்னை வெளியே தள்ளியபோது கோபங்கூட வரவில்லை. நீலத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் அவ்வளவு பெரிதாக இருப்பதை அந்த ஐந்து நாட்களில்தான் நான் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் மைனி வந்து பார்த்துவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தாள். நான் இன்னொருமுறை புதுப்பித்தேன். ஆரஞ்சு.

"மைனீ!"

அவள் ஓடிவந்தாள். ஒரு செருப்பு படியிலேயே கழன்றுவிட்டது. புள்ளியின் பக்கத்தில் நேரம் போட்டிருந்தது: ஆறு மணி. பத்து நிமிடம் இருந்தது, பிறகு அணைந்துவிட்டது. மைனி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "மணி அடிக்கும்போ போட்டிருக்காரு, பாத்தியா," என்றாள். "அரிசி போட்டுட்டு வந்தேன், பொங்கிரும்," என்று போய்விட்டாள்.

அவள் போனபிறகுதான் சரியாகப் பார்த்தேன். அந்த இடத்தின் ஆழத்தை எடுத்தேன். வெறும் சேற்றுச் சமவெளி. பாரும் இல்லை, மேடும் இல்லை, யாரும் வலை போடாத கடல். வேகத்தைப் பார்த்தேன். வலை இழுக்கும் வேகம் அல்ல, எஞ்சினை முழுக்க விட்டு ஓடும் வேகம். எங்கிருந்தோ, மீனிருக்கும் இடத்தை விட்டுவிட்டு, மணிக்கணக்கில் ஓடிவந்து, தன்னைக் காட்டிவிட்டு அணைத்திருக்கிறான். டீசலை எரித்துக்கொண்டு, கூட இருக்கும் ஆட்களின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு.

மறுநாள் ஆறு மணிக்கு வேறொரு திசையில் தெரிந்தான், முழு வேகத்தில். மூன்றாம் நாள் இன்னொரு திசையில்.

என் கை தன்னையறியாமல் அந்தப் பழைய புரோகிராமைத் திறந்துவிட்டது. மூன்று புள்ளிகள். மூன்றும் எந்தத் திசையிலிருந்து ஓடிவந்தன என்பதும் தெரிகிறது. பின்னோக்கி மூன்று கோடு போட்டால் அவை சந்திக்கும் இடம்தான் அவனுடைய புதிய பார். இரண்டு நிமிட வேலை. முதல் கோட்டைப் போட்டேன். இரண்டாவதைப் போடும்போதுதான் உறைத்தது: நான் கணக்குப் போட்டால் கண்டுபிடித்துவிடுவேன் என்று அண்ணனுக்குத் தெரியும். என் எதிரில், இந்தக் கட்டிலில் உட்கார்ந்து அவனே சொன்னான். தெரிந்தும் மூன்று நாளாகப் போடுகிறான். தேடுகிற பத்துப் பேரில் முதல் ஆள் நான்தான் என்று தெரிந்தும், பெட்டியைப் போட்டுவிட்டுப் போகிறான்.

கோட்டை அழித்தேன். பழைய படத்தை அழித்தேன். புரோகிராமையும் அழித்தேன். இவ்வளவு ஆசையாக நான் எழுதியது அது ஒன்றுதான். ஜன்னலுக்கு வெளியே கடற்காற்று தென்னைகளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. என் பெயருக்குப் பக்கத்து விளக்கு என்ன நிறத்தில் இருந்தது என்று நான் கவனிக்கவில்லை.

பின்னால் மைனி நிற்பது தெரியவில்லை. புள்ளி இருந்த இடத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலத்தில் அப்போது ஒன்றும் இல்லை.

"தெனமும் வேற வேற எடத்துல நிக்குதாரே மக்கா," என்றாள். "அங்கயெல்லாம் மீனு கெடைக்குமா?"

உண்மையைச் சொன்னால், அவன் கரைக்கு வந்ததுமே, "எனக்காக ஓடவேண்டாம், நான் இருந்துகொள்வேன்" என்று அவனிடம் சொல்லிவிடுவாள். அவள் அப்படிப்பட்டவள். சொல்லிவிட்டு விடிய விடிய விழித்துக்கொண்டிருப்பாள்.

"நெறைய கெடைக்கும் மைனி," என்றேன். "அங்கதான் மீனு."